பட்டியலில் ஒரு பெயர், ரசீதில் வேறு பெயர்: தருமபுரியில் ஓர் ஆர்.ஓ. சர்வீஸ்

தருமபுரி நகரில் வீடுகளுக்கே வந்து ஆர்.ஓ. குடிநீர்க் கருவிகளைப் பழுது பார்த்துத் தரும் ஒரு சேவையைப் பற்றிய மதிப்புரை இது. கூகுள் மேப்ஸில் தேடினால், புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரோடு ‘அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்’, ‘கஸ்டமர் கேர்’, ‘தருமபுரி’ ஆகியவற்றையும் கோத்த ஒரு நீண்ட பெயரில் இந்தச் சேவையின் பட்டியல் (மேப்ஸில் கடையின் பெயர், எண் முதலியவை உள்ள பதிவு) முதலிடத்தில் வருகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த பணியாளர் தந்த ரசீதின் தலைப்பிலோ அந்த நிறுவனத்தின் பெயரே இல்லை. அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டபோது, எல்லா நிறுவனங்களின் கருவிகளையும் தாங்கள் பார்ப்பதாகவும், ஆன்லைனில் ஆட்கள் தேடுவதற்காகப் பெயரை அப்படி வைத்திருப்பதாகவும் அவர் சொன்னார்.

வேலையில் பெரிய குறை சொல்வதற்கில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார், தொட்டியைக் கழுவினார், அடைபட்டிருந்த முன்வடிகட்டிகளைச் சுத்தமாக மாற்றினார், மரியாதையாகப் பேசினார். ஆனால் மாற்றிய மெம்பரேனின் (நீரில் கரைந்தவற்றைத் தடுக்கும் நுண்சவ்வு) மேல் தயாரிப்பாளர் பெயர் எதுவும் இல்லை. விலை மட்டும் நிறுவனத்தின் அசல் பாகத்துக்கு உரிய விலையாக இருந்தது. ஆறு மாத வாரண்டி என்று வாயால் சொன்னதை ரசீதில் எழுதித் தர மறுத்துவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் இது பண நட்டத்தோடு முடிந்திருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளூரைடு மிகுந்திருப்பதும், அதனால் பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளையும் மூட்டு இறுகிய முதியவர்களையும் இங்குள்ள கிராமங்கள் தலைமுறைகளாகப் பார்த்து வந்திருப்பதும் நாம் அறிந்தவையே. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதன் முக்கியக் காரணமும் அதுதான். காவிரி நீர் வந்த பிறகும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகள் உண்டு. குடிநீரில் புளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நீரில் கரைந்த புளூரைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. ஆர்.ஓ. கருவியில் அதைப் பிரித்துத் தடுக்கும் முதன்மையான பாகம் மெம்பரேன். வேலை முடிந்ததும் பணியாளர் டி.டி.எஸ். மீட்டரை நீரில் வைத்து, எண் குறைந்துவிட்டதைக் காட்டினார். அந்த மீட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் சொல்லும், புளூரைடைத் தனியே சொல்லாது. ஆகவே இந்த ஊரில் மெம்பரேனுக்கு யார் பொறுப்பேற்கிறார் என்பது உடல்நலம் சார்ந்த கேள்வி. பட்டியலில் உள்ள பொய்ப் பெயர் அந்தக் கேள்விக்கே தவறான விடை தருகிறது.

கூகுளின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. கடைப் பலகையிலும் ரசீதிலும் வாடிக்கையாளர் பேச்சிலும் எந்தப் பெயர் வழங்குகிறதோ அதையே பட்டியலிலும் இட வேண்டும். விளம்பர வாசகம், ஊர்ப் பெயர், சேவை விவரம், தொலைபேசி எண் ஆகியவற்றை அதில் ஒட்டவைக்கக் கூடாது. ஆனாலும் பலர் ஒட்டவைக்கிறார்கள், ஏனென்றால் தேடுபவர் தட்டும் சொற்கள் பெயரிலேயே இருந்தால் பட்டியல் மேலே ஏறும் என்பதை இத்தொழிலில் உள்ளவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். பென்னாகரம் சாலையில் ஒருவர், தாம் எந்த நிறுவனத்தின் முகவரும் அல்லர் என்று முதலிலேயே சொல்லி, பாகத்தின் பெயரை ரசீதில் எழுதித் தருகிறார். பலகையில் உள்ள பெயரையே பட்டியலிலும் வைத்திருக்கும் அவர், தேடலில் வெகு கீழே கிடக்கிறார். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

எல்லா நிறுவனங்களின் கருவிகளையும் பழுது பார்ப்பது குற்றமன்று; அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதும் நேர்மையே. அந்த நிறுவனமாகவே தன்னைக் காட்டிக்கொள்வதுதான் தவறு. மேப்ஸில் உள்ள திருத்தம் பரிந்துரைக்கும் வசதி வழியாக, ரசீதில் உள்ள பெயரை நான் அனுப்பினேன். அது ஏற்கப்பட்டுப் பெயர் மாறியது. சில நாட்களில் கடைக்காரர் பழைய நீண்ட பெயரையே மீண்டும் இட்டுவிட்டார். இத்தகைய இடத்தில் திருத்தத்தை மறுபடியும் அனுப்பிக்கொண்டிருப்பதால் பயன் குறைவு. பெயர், தொலைபேசி எண், இணைய முகவரி ஆகியவற்றில் ஏமாற்று இருந்தால் முறையிடுவதற்கென்றே கூகுள் ஒரு தனிப் புகார்ப் படிவம் வைத்திருக்கிறது. அதில் ரசீதின் படத்தோடு புகார் அளித்திருக்கிறேன். பெயர் களவாடப்பட்ட நிறுவனத்துக்கு 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்க உரிமை உண்டு என்பதால் அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். பணம் இழந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது.

புதிதாக அழைப்பவர்கள், கருவியின் மேல் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ள எண்ணையே முதலில் பயன்படுத்துங்கள். தேடலில் கிடைத்த எண்ணை அழைப்பதானால், ரசீது எந்தப் பெயரில் வரும் என்று ஆள் வருவதற்கு முன்பே கேளுங்கள்.

கைவேலைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நான்கு தருவேன். பெயரையும் மெம்பரேனையும் சேர்த்துப் பார்த்து இரண்டு தருகிறேன். ரசீதில் உள்ள பெயரைப் பட்டியலிலும் இட்டு, பாகத்தின் தயாரிப்பாளரையும் வாரண்டியையும் எழுத்தில் தரத் தொடங்கினால், இந்த மதிப்புரையைத் திருத்தி எழுதுவேன்.