70ஆம் பிறந்தநாள் விருந்து: ஒரே பஃபே வரிசையா, தனித்தனிக் கடைகளா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பாவுக்கு 70ஆம் பிறந்தநாள். தோட்டத்து மண்டபம், 150 பேர். நீள மேசையில் பஃபேயா, தோசை, ரொட்டி சானாய் (பரோட்டா), சென்டோல் (தேங்காய்ப்பால் சேர்த்த குளிர் இனிப்பு) என்று தனித்தனிக் கடைகளா என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு.

பஃபேக்குச் செலவும் ஆளும் குறைவு. ஆனால் எல்லாரும் ஒன்றாக எழுந்தால் வரிசை வாசல்வரை நீளும். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் நடுவில் போட்டால் இருபுறமும் எடுக்கலாம். குழம்பு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். சமைத்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

கடைகளில் கூட்டம் பிரியும், சாப்பாடு சுடச்சுடக் கிடைக்கும். தோசைதான் சிக்கல். ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால், ஒவ்வொன்றாகச் சுடும் கல்லில் மணிக்கு 30தான் வரும். ஆளுக்கு ஒன்று கொடுக்கவே 5 மணி நேரம்! நாலைந்து ஒன்றாகச் சுடும் பெரிய கல் வேண்டும். கேஸ் அடுப்பு மண்டபத்துக்கு வெளியே, கூடாரத்து ஓரத்தில் இருக்கட்டும்.

அப்பாவோடு பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்கள் தட்டோடு கடை கடையாக அலையக் கூடாது. அதனால் சோறு, கோழிப் பிரட்டல், பருப்பு எல்லாம் பஃபேயில். தோசையும் தே தாரிக்கும் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) மட்டும் கடையில். பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் மேசைக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.