சர் பாஸ் போக வாடகைக்கு எடுத்த பையும் ஜாக்கெட்டும்: ஒரு திருப்பூர்க்காரரின் மதிப்பீடு

இமயமலையில் பனி மூடிய கணவாய் ஒன்றைத் தாண்டப் போகிறோம், பை, ஜாக்கெட், ஊன்றுகோல் எல்லாம் வாங்கினால் பெரிய தொகை ஆகும்போல் இருக்கிறதே என்று யோசிக்கிறவர்களுக்கு என் பதில், வாங்காதீர்கள், கோயமுத்தூரிலேயே வாடகைக்கு எடுங்கள். காந்திபுரம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில், மலையேற்றச் சாமான்களை வாடகைக்கு விடும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. மே மாதம் நானும் தங்கச்சியும் சர் பாஸ் போய் வந்தது பெரும்பாலும் அந்தக் கடைச் சாமானில்தான். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன். துணியைத் திருப்பித் தையலைப் பார்க்காமல் எதையும் உடம்பில் போடமாட்டேன், அதனால் இந்த மதிப்பீட்டில் தையல் பேச்சு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

சர் பாஸ் இமாச்சலப் பிரதேசத்தில், குலு மாவட்டத்தின் பார்வதிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. உயரம் சுமார் 13,800 அடி, அதாவது 4,200 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சர் பாஸ் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம், அதனால் முதுகில் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் மூச்சு பதில் சொல்லியாக வேண்டும். இங்கே அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற நாட்களில் அங்கே இப்போதுதான் பனி இளகத் தொடங்கியிருக்கும். கீழ்க்காட்டில் ரோடோடென்ட்ரான் சிவப்பாகப் பூத்திருக்கும் (நீலகிரிச் சோலை ஓரங்களிலும் இதே இனம் உண்டு, பார்த்தவுடன் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தது போல் இருந்தது), மேலே போனால் முழங்கால் அளவு பனி. ஒரே பயணத்தில் வியர்வையும் நடுக்கமும் இரண்டும் வரும். சாமான் தேர்வு கஷ்டமாவது இதனால்தான்.

கடைக்காரர் முதலில் கேட்டது எத்தனை லிட்டர் பை வேண்டும் என்றல்ல. இஞ்சு டேப்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தங்கச்சியைத் திரும்பி நிற்கச் சொன்னார். "தலையக் குனிஞ்சுக்கோ அம்மிணி. தம்பி, கழுத்துக்குப் பின்னால முண்டாட்டம் ஒரு எலும்பு தட்டுதுங்களா? அங்கிருந்து இடுப்பெலும்பு மேட்டு மட்டத்துக்கு நேரா அளங்க." அளந்தால் 42 சென்டிமீட்டர். என்னைவிட உயரமான பெண்ணுக்கு என்னைவிடக் குட்டையான முதுகு! ஆளின் உயரத்தைப் பார்த்துப் பை கொடுத்திருந்தால் தப்பாகத்தான் போயிருக்கும். முதுகுப் பக்கத்தை ஏற்றி இறக்கக்கூடிய 50 லிட்டர் பை ஒன்றை எடுத்து, உள்ளே 10 கிலோ அரிசிப் பையை வைத்து, மாடிப்படியில் ஏறி இறங்கிவரச் சொன்னார். முதலில் இடுப்பு வாரை எலும்பின் மேல் உட்கார வைத்து இறுக்கணும், அப்புறம் தோள் வார், அப்புறம் நெஞ்சு வார், கடைசியாகத் தோளுக்கு மேலே இருக்கிற சின்ன வாரை லேசாக இழுக்கணும். இந்த வரிசையில் போட்டால் பாரத்தின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கிவிடுகிறது, தோள் சும்மா பிடித்துக்கொண்டு வருகிறது. கனமான பொருளை முதுகை ஒட்டி, நடுவில் வைக்கவேண்டும் என்பதையும் அவரே அடுக்கிக் காட்டினார். நான் 70 லிட்டர் பை கேட்டேன், தரமாட்டேன் என்றுவிட்டார். "டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் மலைக்குக் கூட்டிட்டுப் போறவங்களே அங்க குடுத்துருவாங்க. பெருசாக் குடுத்தா நெறைய அடைச்சுத் தூக்கிட்டுப் போவீங்க, வேண்டாமுங்க." அதிக வாடகை வரும் பையைத் தரமாட்டேன் என்கிற கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வழியில் இருக்கிற கிரஹன் கிராமத்துக்கு ஏறும்போதே அந்த அளவெடுப்பின் அருமை தெரிந்துவிட்டது. எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் வழிநெடுகத் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். தங்கச்சி ஒருமுறைகூடப் பை பற்றிப் பேசவில்லை.

ஜாக்கெட்டும் நல்ல சாமான். இறகு அடைத்தது, பாலியஸ்டர் பஞ்சு அடைத்தது என்று இரண்டு வகை வைத்திருக்கிறார். இறகு லேசானது, கதகதப்பானது, ஆனால் நனைந்தால் கட்டிபிடித்துச் சூடு போய்விடும். மே மாதம் மதியத்துக்கு மேல் மழையோ பனியோ கொட்ட வாய்ப்பு உண்டு என்பதால் பஞ்சு வகையை எடுத்தோம். குறுக்குத் தையல் எங்கேயும் விடவில்லை, பஞ்சு ஒரு பக்கமாகச் சரியவில்லை, துவைத்த வாசனை இருந்தது. நகாரு முகாம் சுமார் 12,500 அடி. அங்கே ராத்திரி காற்று டென்ட்டைப் பிடித்து உலுக்கியபோது இந்த ஜாக்கெட்தான் எங்களைத் தூங்க வைத்தது.

உள்ளே போடுகிற துணியை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள், அதற்கு நம் திருப்பூர் காதர்பேட்டைத் துணிக்கடைகள் இருக்கின்றன. பருத்திப் பனியன் வேண்டவே வேண்டாம். பருத்தியை விற்றுச் சாப்பிடுகிற ஊர்க்காரன் சொல்கிறேன், நம்புங்கள். பருத்தி இழை சாதாரண நிலையிலேயே தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும், பாலியஸ்டருக்கு அது வெறும் 0.4. ஏறும்போது வியர்த்த பனியன், நின்று ஓய்வெடுக்கும்போது உடம்போடு ஒட்டிச் சில்லிட்டால், அந்த உயரத்தில் அது வசதிக்குறைவு என்பதோடு நிற்காது, ஆபத்து. எக்ஸ்போர்ட் மிச்சத்தில் பாலியஸ்டர் டீசர்ட்டும், உள்பக்கம் பிரஷ் பண்ணின ஃப்ளீஸும் கிடைக்கும். எடுக்கும்போது தோள் தையலைத் தடவிப் பாருங்கள். ஓவர்லாக் தையல் மேடாக இருக்கும், பை வாருக்கு அடியில் மாட்டினால் நாள் முழுக்க அறுக்கும். பிளாட்லாக் போட்டது தட்டையாக இருக்கும், அதை எடுங்கள்.

ஷூவும் சொந்தமாகத்தான் இருக்கவேண்டும், கடைக்காரரும் அதை வாடகைக்கு வைப்பதில்லை. வாங்கிச் சென்னிமலை 1,320 படியைப் பாரத்தோடு ஏறி இறங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இனி குறை. மழை பேன்ட் மோசம், வாடகைக்குத் தரும் நிலையிலேயே அது இல்லை. கணவாய் நாள் அன்று இருட்டிலேயே கிளப்பிவிடுவார்கள், வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும் என்பதால். முன்னால் போகிற வழிகாட்டி பனிக்கோடாலியால் படி வெட்டிக்கொண்டே போவார், அந்தப் படியில் கால் வைத்து ஏறுகிறோம். அதுவரை பேன்ட் தாங்கியது. கணவாயைத் தாண்டி பிஸ்கேரி பக்கம் இறங்கும்போது பனிச்சரிவில் உட்கார்ந்தே சறுக்க வேண்டும். எழுந்து பார்த்தால் உட்காரும் இடம் முழுக்க ஈரம். உள்பக்கம் திருப்பினேன். தையல் மேல் ஒட்டியிருக்கும் சீம் டேப் விரல் நீளத்துக்கு உரிந்து சுருண்டிருந்தது, ஊசித்துளை ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் தெரிந்தது. நீர்புகாத் துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் டேப் போனால் மழை பேன்ட் வெறும் பேன்ட்தான். வாடகைக்கு விடுகிறவர் ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் இதைப் பார்த்தே ஆகவேண்டும். நனைந்த துணியோடு அந்தக் குளிரில் மணிக்கணக்கில் நடப்பது சின்ன விஷயம் இல்லை. பனி ஷூவுக்குள் போகாமல் கட்டும் கெய்டரிலும் ஒன்றில் அடிவார் தேய்ந்துபோயிருந்தது.

திரும்பி வந்து காட்டினேன். மறுபேச்சு பேசாமல் பேன்ட்டுக்கு வாங்கிய வாடகையைத் திருப்பிக் கொடுத்து, அலமாரியிலிருந்த மற்ற பேன்ட்டுகளையும் என்னோடு சேர்ந்து திருப்பிப் பார்த்தார். இன்னும் இரண்டில் டேப் கிளம்பியிருந்தது, தனியே எடுத்து வைத்தார். முன்பணமும் அப்போதே கைக்கு வந்துவிட்டது.

மொத்தத்தில் பை, ஜாக்கெட், ஊன்றுகோல் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மழை பேன்ட்டையும் கெய்டரையும் கடையிலேயே உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு எடுங்கள். பங்குனியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், பள்ளி லீவு விட்டதும் கூட்டம் வந்துவிடுகிறது, அதிலும் குட்டை முதுகுக்கான பைகள்தான் முதலில் தீர்ந்துபோகின்றன.