எட்டு அங்குல ஆடியும் கயிற்றுக் கட்டிலும்: காவேரிப்பட்டணத்து மாடியிலிருந்து

எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்றை 2018ஆம் ஆண்டிலிருந்து பயன்படுத்தி வருகிறேன். அதற்கும் முன்பே வாங்கிய 10×50 பைனாகுலர் (10 மடங்கு, 50 மி.மீ. வில்லை) இன்னும் உழைக்கிறது. இரண்டுக்கும் இடம் கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்துக்கு வெளியே, மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடி. கருவி வந்த வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகளில் பெட்டியைப் பிரித்த மகிழ்ச்சிதான் அதிகம். சில மழைக்காலங்களைத் தாண்டிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை எழுத ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. 203 மில்லிமீட்டர் ஆடி, 1200 மில்லிமீட்டர் குவியத் தூரம். மோட்டார் இல்லை, கணினி இல்லை. மரப்பலகைப் பெட்டியின் மேல் குழாயை வைத்துக் கையால் தள்ளித் திருப்ப வேண்டும். ஜான் டாப்சன் என்பவர் சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் வழிப்போக்கர்களுக்கு வானத்தைக் காட்டிய அதே எளிய அமைப்பு. 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. பெரும்பாலான இரவுகளில் இதற்கு மேல் தேவைப்படுவதில்லை. ‘525 மடங்கு’ என்று அட்டையில் அச்சடித்து விற்கும் சின்னத் தொலைநோக்கிகளைத் தொடாதீர்கள். ஆடியோ வில்லையோ எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இரு மடங்குதான் பயனுள்ள உச்ச வரம்பு. 60 மி.மீ. கருவியில் 120ஐத் தாண்டினால் தெரிவது பெரிய மங்கல் மட்டுமே.

நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. வெளிநாட்டு மதிப்புரைகள் அதைச் சொல்வதில்லை. கிருஷ்ணகிரி ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. கோள்கள் செல்லும் பாதை நமக்கு உச்சியை ஒட்டிப் போகிறது. தடித்த காற்றுப்படலம் குறுக்கிடாததால் படிமம் தெளிவாக இருக்கும், இது வரம். ஆனால் டாப்சோனியனுக்கு உச்சி வானம்தான் ஆகாத இடம். குழாய் செங்குத்தாக நின்றுவிட்டால், சற்றே பக்கவாட்டில் நகர்த்துவதற்குக்கூட மொத்தப் பெட்டியையும் சுழற்ற வேண்டும். 2024 இறுதியில் ரிஷபத்தில் வியாழன் ஒளிர்ந்த இரவுகளில் நான் பட்ட பாடு இதுதான். மகம் விண்மீனோ நம் தலைக்கு நேர் மேலே, அரைப் பாகை வித்தியாசத்தில் கடக்கிறது. அதைக் கருவிக்குள் கொண்டுவந்து நிறுத்துவதே ஒரு வித்தை. துருவ அச்சில் சுழலும் தாங்கியை வாங்கினால் தீருமே என்பார்கள். அதற்குத் துருவ விண்மீனைப் பிடிக்க வேண்டும். அதுவோ வடக்கே 12 பாகை உயரத்தில், கிருஷ்ணகிரி நகரத்து வெளிச்சத்திலும் தூசியிலும் பாதி நாள் தெரிவதே இல்லை.

உச்சி வானத்துக்கு நான் கண்ட மருந்து பைனாகுலரும் கயிற்றுக் கட்டிலும். முக்காலியில் பூட்டி அண்ணாந்து பார்த்தால் கழுத்து போய்விடும். கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்கையைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பெருமளவு அடங்குகிறது. கார்த்திகைக் கூட்டம் முழுவதும் ஒரே பார்வைக்குள் வரும். தொலைநோக்கியில் அது உடைந்து துண்டு துண்டாகத்தான் தெரியும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகள், ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம், கடகத்தின் தேன்கூட்டுக் கொத்து எல்லாவற்றுக்கும் இதுவே போதும். சனியின் வளையம் மட்டும் 10 மடங்கில் பிரியாது.

தெற்கு வானம் நமக்கு வாய்த்த சொத்து. மாசி முன்னிரவில் அகத்தியர் மீன் (கனோபஸ்) தென் திசையில் 25 பாகை உயரத்தில் நிற்கும். சித்திரையில் இரவு பத்து மணி வாக்கில் தென் சிலுவை தென்னை மரங்களுக்கு மேலே தலைகாட்டும். அதன் பிறகு ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து: பைனாகுலரில் ஒரு பஞ்சுப் பொட்டு, எட்டு அங்குல ஆடியிலோ ரவையைத் தூவியதுபோல் ஆயிரக்கணக்கான புள்ளிகள். லண்டனில் இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. இந்த ஒரு காட்சிக்காகவே அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம்.

காலக்கணக்கு தெரியாமல் வாங்கினால் வெறுத்துப் போவீர்கள். ஆனியிலிருந்து கார்த்திகை வரை, தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி மேகம் அனுப்பும். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்களுக்குச் சான்று கண்டவற்றில் அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. அவர்களுக்கும் இதே மேகம்தான் என்று நினைத்து ஆறுதல் அடைந்துகொள்வேன். மாமரங்கள் பூக்கும் தை, மாசி மாதங்கள்தான் அறுவடைக் காலம். பனி மட்டும் தொல்லை. நள்ளிரவுக்குள் ஐபீஸில் நீர் கோத்துவிடும்.

வெளிச்சம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.இ.டி. வந்தபின் வடமேற்கில், ஓசூர் திசையில், மங்கலான விண்மேகங்களைத் தேடுவதையே விட்டுவிட்டேன். நல்ல இருட்டுக்கு அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகச் சொல்வார்கள். இருட்டு உண்மைதான். யானைகளும் உண்மை. காட்டோரச் சாலையில் இரவில் விளக்கை அணைத்துவிட்டு நிற்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பராமரிப்பில் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. கிரானைட் தூசி ஆடியில் படியத்தான் செய்கிறது. துடைக்காமல் விட்டுவிடுவதே நல்லது, துடைத்தால் அலுமினியப் பூச்சில் கீறல் விழும். ஆண்டுக்கு ஒரு முறை வாலை வடிநீரை ஊற்றி அலசுகிறேன், அவ்வளவுதான். உண்மையான எதிரி பூஞ்சை. பைனாகுலரையும் ஐபீஸ்களையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள். அடிப்பலகை மரத்தூள் அட்டையால் ஆனது. மாடியில் விட்டால் ஈரத்தில் ஊதிவிடும்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவைச் சனியைப் பார்க்கக் கூப்பிட்டபோது முதலில் மறுத்தார். “சனி பகவானை நேருக்கு நேர் பார்க்கலாமா கண்ணு?” கோயிலிலேயே சற்று ஒதுங்கி நின்று கும்பிடுகிறவர். பிறகு ஆசை வென்றது. வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இத்தனூண்டு இருந்துகொண்டா இந்தப் பாடு படுத்துகிறான்!”

அப்போது வளையம் அகலமாக விரிந்திருந்தது. ஆண்டுதோறும் அது ஒடுங்குவதைப் பார்த்து வந்தேன். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நமக்கு நேராக வந்தது. சனி சூரியனை ஒட்டி இருந்ததால் அன்று காண வழியில்லை. ஆண்டின் இறுதியில் பார்த்தபோது கோளைக் குறுக்கே துளைத்த மெல்லிய ஊசி மாதிரி ஒரு கோடு மட்டும். சனி சூரியனைச் சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல் ஆவதால், ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இது நடக்கும். ஒரே கருவியை மாற்றாமல் வைத்திருப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்தத் தொடர்ச்சிதான்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் பைனாகுலர் வாங்கி ஒரு தை முதல் சித்திரை வரை பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை தணியவில்லை என்றால் எட்டு அங்குலம். எனக்கு எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. வானத்தைப் படம் எடுப்பதுதான் குறி என்றால் இது உங்களுக்கான கருவி அல்ல, பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து இது தானாக நகராது. பணம் கட்டுவதற்கு முன் மாடிப்படியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் படி திருப்பத்தில் அடிப்பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால்தான் மேலே ஏறுகிறது.