கீழக்கரை உப்புக்காற்றில் என் சூப்பர்கன்

வீட்டிலேயே கட்டிய சூப்பர்கன்னில் ஆர்கேட் போர்டுகளை ஓட்டத் தொடங்கிச் சில வருஷம் ஆகிறது. கட்டிய புதிதில் எழுதியிருந்தால் படம் எவ்வளவு தெளிவு, பட்டன் எவ்வளவு மெத்து என்றுதான் எழுதியிருப்பேன். இத்தனை நாள் புழங்கிய பிறகு சொல்ல வேண்டியது வேறு. எங்கள் கீழக்கரை மாதிரி கடலோர ஊரில் இந்தப் பெட்டி நிலைக்க இரண்டு விஷயம் வேண்டும்: போர்டின் விளிம்பில் ஆடாமல் நிற்கும் 5 வோல்ட், உப்பு ஏறாத கனெக்டர். படத்தைப் பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வீடியோ கேம் கடையில் காசு போட்டு ஆடிய ஆளுயரப் பெட்டிக்குள் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். கேம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பெட்டி தருவது கரன்ட், திரை, ஸ்பீக்கர், ஜாய்ஸ்டிக், காசு விழும் ஸ்விட்ச். இந்த வேலைகளை ஒரு சின்னப் பெட்டியில் அடக்கி வீட்டு டிவியோடு இணைத்தால் அது சூப்பர்கன். 1980களின் நடுவில் ஜப்பானிய ஆர்கேட் தயாரிப்பாளர்களின் சங்கம் போர்டின் விளிம்பில் மாட்டும் ‘ஜாமா’ என்ற பொது கனெக்டரைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 28 வீதம் 56 பின், பின்னுக்குப் பின் 3.96 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் ஒரே பெட்டியில் வெவ்வேறு கம்பெனி போர்டுகளை மாற்றி மாற்றிச் செருக முடிகிறது. அதற்கு முந்தைய போர்டுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர் கட்ட வேண்டும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

என்னிடம் இருப்பவை மூன்று. துபாயில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது கொண்டுவந்த நியோ ஜியோ எம்விஎஸ் போர்டு ஒன்று, ஒரே ஒரு கேம் கேட்ரிட்ஜ் செருகும் வகை. கேப்காம் கம்பெனியின் சிபிஎஸ்-1 போர்டு ஒன்று. மூன்றாவது, மதுரையில் மூடிய கேம் கடையிலிருந்து வந்த ‘முஸ்தபா’ நகல் போர்டு. கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, முஸ்தபா என்றால் நாற்பது வயதுக்காரர்களும் எழுந்து வருவார்கள்.

இனி கரன்ட். பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை போதும் என்று பலர் சொல்வார்கள். ஓடும். ஆனால் அதில் வோல்டேஜைத் திருகிச் சரிசெய்ய வழி இல்லை. புதிய மாடல்களில் மைனஸ் 5 வோல்ட்டும் கிடையாது. சில பழைய போர்டுகளின் ஆடியோ பகுதிக்கு அது வேண்டும். அதனால் 5, 12, மைனஸ் 5 மூன்றும் தரும் மீன்வெல் இண்டஸ்ட்ரியல் சப்ளை ஒன்றை வாங்கிப் போட்டேன். ஓரத்தில் சின்னத் திருகு இருக்கும், அதைத் திருப்பி 5 வோல்ட்டை ஏற்றி இறக்கலாம். இதுவரை தொந்தரவே தரவில்லை. இந்தத் திட்டத்தில் காசு செலவழித்ததற்கு நான் மகிழும் முதல் சாமான் இதுதான்.

போர்டில் உள்ள டிடிஎல் சிப்புகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் எல்லை. சப்ளை முனையில் மீட்டர் வைத்து 5.00 பார்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.2 சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.085 ஓம் தடை. போக அரை மீட்டர், வர அரை மீட்டர் என்றால் மொத்தம் ஒரு மீட்டர். போர்டு 3 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே கால் வோல்ட் காணாமல் போகும். விளிம்பில் மிஞ்சுவது 4.75, அதாவது எல்லைக் கோடு. கேம் நடுவில் தானாக ரீசெட் ஆவது, ஸ்பிரைட் (திரையில் அசையும் உருவம்) சிதறுவது, இதற்கெல்லாம் ‘போர்டு செத்துவிட்டது’ என்று முடிவுகட்டும் முன் இதைப் பாருங்கள். நான் வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் போட்டிருக்கிறேன். ஜாமா 5 வோல்ட்டுக்கு நான்கு பின் ஒதுக்கியிருக்கிறது, கிரவுண்டுக்கு இரு முனையிலுமாக எட்டு. எல்லாவற்றிலும் ஒயர் கொடுத்திருக்கிறேன். அளப்பது எப்போதும் போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, போர்டின் மேலேயே.

படம். ஆர்கேட் போர்டு தருவது ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி ஒயரில். கிடைமட்ட வேகம், அதாவது நொடிக்கு வரையும் கோடுகள், 15 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. நம் பழைய பிக்சர் ட்யூப் டிவிகள் 15,625 ஹெர்ட்ஸ், ஆகவே அந்தக் கணக்கில் ஜோடி பொருந்துகிறது. செங்குத்தாகத்தான், அதாவது நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம்: நம் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், போர்டுகள் 60-ஐ ஒட்டி. சிபிஎஸ்-1 ஏறக்குறைய 59.6. மல்டி சிஸ்டம் டிவிகள் இதைத் தாங்கிக்கொள்கின்றன.

முதலில் பயன்படுத்தியது அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டிவி. 2006-ல் தொடங்கிய திட்டத்தில் வந்தது, உம்மாவின் அறையில் சும்மா கிடந்தது. ஐரோப்பிய டிவிகளில் இருக்கும் ஸ்கார்ட் சாக்கெட் நம் ஊர் செட்டில் கிடையாது, ஆர்ஜிபி நேராக ஏற வழி இல்லை. ஏடி724 என்கோடர் சிப் வைத்து ஏவி சாக்கெட்டில் கொடுத்தேன். ஆட முடிந்தது. சிவப்பு எழுத்துகளின் ஓரம் மட்டும் ஊர்ந்துகொண்டே இருந்தது, எல்லா நிறமும் ஒரே ஒயரில் போகும் காம்போசிட்டில் அது அப்படித்தான். டிவியைத் திறந்து உள்ளே ஆர்ஜிபி கொடுக்கலாமா என்று எங்கள் டிவி மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். “தம்பி, பல பழைய செட்டில சேஸிஸ்லயே மெயின்ஸ் நிக்கும். கேம் பெட்டியைப் பிள்ளைங்க தொடும். வேணாம்” என்றார். அவர் சொன்னதே சரி. அந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது இருப்பது டிவிடி காலத்தில் வந்த 21 இஞ்ச் ஃப்ளாட் பிக்சர் ட்யூப் டிவி. பின்னால் பச்சை, நீலம், சிவப்பு காம்போனென்ட் சாக்கெட் இருக்கிறது. ஆர்ஜிபியைக் காம்போனென்ட் ஆக்கும் ட்ரான்ஸ்கோடர் ஒன்றை நடுவில் வைத்தேன். வித்தியாசம் கண்ணில் அறைகிறது. உங்களுக்குப் பழைய டிவி வாய்ப்பு வந்தால் பின்பக்கத்தைத் திருப்பி இந்த மூன்று சாக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படத்தை எல்சிடிக்கு ஏற்ப மாற்றும் ஜிபிஎஸ்-8200 போர்டு போட்டும் ஆடிப் பார்த்தேன். படம் வருகிறது, ஆனால் பட்டனை அழுத்துவதற்கும் அடி விழுவதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம். முஸ்தபாவில் அது பரவாயில்லை, சண்டை கேமில் பொறுக்காது.

இன்னொரு எச்சரிக்கை: போர்டின் ஆர்ஜிபி வீட்டு டிவி எதிர்பார்க்கும் 0.7 வோல்ட்டைவிட நன்றாக உயரமாக வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் பொட்டன்ஷியோமீட்டர் வைத்துக் குறைக்க வேண்டும். சின்க், அதாவது படத்தை இடத்தில் நிறுத்தும் சிக்னல், 5 வோல்ட் அளவில் வரும், 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டால் டிவியின் 75 ஓமோடு சேர்ந்து 0.7-க்கு இறங்கிவிடும். சத்தத்திலும் கவனம் வேண்டும். ஜாமா தருவது ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபை ஆன சிக்னல், நேராக டிவியில் செருகக் கூடாது. ஸ்பீக்கர் மைனஸ் எல்லா போர்டிலும் கிரவுண்டு அல்ல, அதைக் கிரவுண்டோடு முடிச்சுப் போட்டால் ஆம்ப் சிப் போய்விடும். நான் பெட்டிக்குள்ளேயே 8 ஓம் ஸ்பீக்கர் வைத்து அந்த வம்பை முடித்தேன்.

உப்புக்கு வருவோம். பழைய பாம்பன் ரயில் பாலத்தை 1914 முதல் துருவிடமிருந்து காப்பாற்றியவர்களுக்குத் தெரியும் எங்கள் காற்று என்னவென்று. கச்சான் வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கரிக்கும். அந்தக் காற்றுதான் போர்டின் விளிம்பிலும் படிகிறது. பெட்டியை நான் இரும்பிலோ சாதா ப்ளைவுட்டிலோ செய்யவில்லை. மண்டபம் ஊரில் ஃபைபர் வள்ளம் கட்டும் அண்ணன் ஒருவரிடம் மீந்த மேட், ரெசின் கொண்டு வார்த்து வாங்கினேன். ஸ்குரூ விஷயத்தில் அவர் ஒரே பிடியாக நின்றார்: “எஸ்எஸ்ஸுன்னு சொல்லி 304 குடுப்பாங்க, புள்ளி புள்ளியா துருப்பிடிக்கும். 316 கேட்டு வாங்குங்க தம்பி.” 316-ல் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பின் குளோரைடைத் தாங்குவது அதனால்தான். மூடியில் அவர் வார்த்த ஸ்குரூ இடங்கள் இன்றும் புதுசாக இருக்கின்றன.

ஃபேன் வைக்கவில்லை. ஃபேன் என்றால் கடல்காற்றை இழுத்து போர்டின் மேல் ஊதும் இயந்திரம். சப்ளையை அலுமினியத் தகட்டில் இறுக்கியிருக்கிறேன், சூடு அதன் வழியே வெளியே போகிறது. விளிம்புத் தகடுகளைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் மட்டும். பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்வார்கள், பளிச்சென்று ஆகும், ஆனால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் தங்க முலாம் கொஞ்சம் போகும். ஜாமா கனெக்டரிலும் நேரடியாகப் போர்டைச் செருகுவதில்லை. நடுவில் ஒரு எக்ஸ்டென்டர் துண்டு. தேய்வது, கறுப்பது எல்லாம் அதற்கு, ஆண்டுதோறும் அதை மட்டும் மாற்றிவிடலாம். ஆடாத போர்டுகள் ஆன்டி-ஸ்டேடிக் கவரில், ரப்பர் விளிம்புள்ள சமையலறை டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு. வாடைக்காலத்தில் ஜெல் சீக்கிரம் நிறம் மாறும், சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுகிறேன்.

பேட்டரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் போர்டே போகும். எம்விஎஸ் போர்டில் இருக்கும் ரீசார்ஜ் பேட்டரி கசிந்து பக்கத்துத் தடங்களை அரிக்கும். வாங்கிய அன்றே வெட்டி எடுத்துவிடுங்கள், செட்டிங்கும் கணக்கும்தான் அழியும், கேம் ஓடும். கேப்காமின் அடுத்த தலைமுறையான சிபிஎஸ்-2 போர்டில் நேர்மாறு. அதன் பேட்டரி காப்பது கேமைத் திறக்கும் ரகசியச் சாவியை. அது தீர்ந்தாலோ எடுத்தாலோ கேம் திறக்காது. சிபிஎஸ்-2 வாங்கினால் பேட்டரி எப்போது மாற்றியது என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பெட்டி அதிகம் ஓடுவது மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளியும் லீவு, ராத்தாவின் பிள்ளைகளும் அவர்களுடைய சிநேகிதர்களும் நாள் முழுக்க இங்கேதான். ஜாய்ஸ்டிக் சோதிக்கப்படுவது அப்போது. மலிவாக வாங்கிய ஜாய்ஸ்டிக்கின் மைக்ரோஸ்விட்ச் முதல் சீசனிலேயே தளர்ந்தது. சான்வா கம்பெனி ஜாய்ஸ்டிக் போட்ட பிறகு பட்டன்களைக் கழற்றித் துடைப்பது மட்டும்தான் வேலை. ஒயரை நேராகச் சால்டர் செய்யாமல் 15 பின் டி-சப் சாக்கெட்டில் கொடுத்திருப்பதால் ஒன்று கெட்டால் இன்னொன்றைச் செருகி ஆட்டம் தொடர்கிறது.

அடுத்த தடைக்காலத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி. முஸ்தபா மூன்று பேர் சேர்ந்து ஆடும் கேம், ஜாமாவில் இடம் இருப்பது இரண்டு பேருக்கு. மூன்றாவது ஆளின் ஒயர்கள் போர்டில் தனிக் கனெக்டரில் நிற்கின்றன. சாக்கெட்டும் ஜாய்ஸ்டிக்கும் வாங்கி வைத்தாகிவிட்டது. மூன்றாவது இடம் தனக்கு என்று ராத்தாவின் சின்னவள் இப்போதே சொல்லிவிட்டாள்.