400 ரூபாய் காலை நடையில் பக்தவத்சலத்துக்கு மூன்று நிமிடம்

கிண்டி காந்தி மண்டப வளாகத்தைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று ஒரு சின்னக் குழு காலை நடை நடத்துகிறது. போன ஞாயிறு போய்வந்தேன். ஆளுக்கு 400 ரூபாய், ஆறரை மணிக்கு சர்தார் படேல் சாலைப் பக்கத்து வாசலில் கூட வேண்டும், எட்டரைக்கு முடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். நடத்துகிறவர்கள் சின்னப் பிள்ளைகள், இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள், அதனால் பெயர் போடவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் ஒரு காரணம்.

அழைப்பில் நான்கு தலைவர்கள் பெயர் இருந்தது: காந்தி, ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம். நான் போனது நாலாவது ஆளுக்காக. சிரிக்காதீர்கள். என் தாத்தா 1967இல், அப்போது முதலமைச்சராக இருந்த பக்தவத்சலம் நின்று தோற்ற ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் ஓட்டுப் போட்டவர். மை வைத்த விரலைக் காட்டி “முதலமைச்சரையே வீட்டுக்கு அனுப்பின விரல்டா இது” என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முதலமைச்சர் யார், அப்படி என்ன செய்தார் என்று கேட்டால் மட்டும் “அரிசி இல்லடா” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

முதலில் நல்லது சொல்லிவிடுகிறேன். கூட்டிப்போன தம்பிக்கு நல்ல குரல், மைக் இல்லாமலே இருபது பேருக்கும் கேட்டது. காந்தி மண்டபத்தை 1956இல் ராஜாஜி திறந்துவைத்தார் என்பதில் தொடங்கி, ராஜாஜி நினைவிடத்தின் கூரையை ஏன் ராமர் மகுடம் மாதிரி கட்டியிருக்கிறார்கள் என்பது வரை நிதானமாகச் சொன்னார். காமராஜர் இடத்தில் இன்னும் நன்றாகச் சொன்னார், பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடுவில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிமான் எட்டிப் பார்க்க, அதற்கே பத்து நிமிடம் போனது. பிள்ளைகள் வந்திருந்தார்கள், மானைக் குறை சொல்ல முடியாது.

பக்தவத்சலம் நினைவிடத்துக்கு வந்தோம். “தமிழ்நாட்டின் கடைசி காங்கிரஸ் முதலமைச்சர், 1963லிருந்து 67 வரை, அடிப்படையில் வக்கீல், அடுத்து வாங்க.” நான் கடிகாரம் பார்த்தேன், படம் எடுத்துக்கொண்ட நேரத்தையும் சேர்த்து மூன்று நிமிடம்.

“அடிப்படையில் வக்கீல்” என்று தாண்டிப் போகிற இடமா அது? பூந்தமல்லி பக்கம் நசரத்பேட்டையில் 1897இல் பிறந்து, காங்கிரசில் பெரிய ஆளாக இருந்த உறவினர் முத்துரங்க முதலியாரின் நிழலில் வளர்ந்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்து 1923இல் உயர் நீதிமன்ற வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட மனிதர். கருப்புக் கோட்டோடு செட்டில் ஆகியிருக்கலாம். அதை விட்டுவிட்டு 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போய் அடிபட்டார், அப்புறம் சிறை, 1942இல் மறுபடி சிறை. வேதாரண்யத்துக்குத் திருச்சியிலிருந்து தொண்டர்களை நடத்திக்கொண்டு போனவர் யார்? பத்து நிமிடம் முன்னால் மகுடக் கூரைக்குக் கீழே நின்று பேசினோமே, அந்த ராஜாஜி. அவரும் சேலத்தில் கொடிகட்டிப் பறந்த வக்கீல். 1937இல் ராஜாஜி பிரதமராக (அப்போது மாகாணத்தில் முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள்) வந்தபோது அந்த ஆட்சியில் பார்லிமெண்டரி செகரெட்டரியாக இருந்தவர் பக்தவத்சலம். முப்பது வருடம் கழித்து 1967இல் அதே ராஜாஜி சுதந்திராக் கட்சியை வைத்துக்கொண்டு அண்ணாவோடு கூட்டணி போட்டு பக்தவத்சலத்தின் ஆட்சியைக் கவிழ்த்தார். இரண்டு பேரும் இப்போது ஒரே காம்பவுண்டில் இருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் இரண்டு நினைவிடத்தையும் தனித்தனியாகக் காட்டினால் 400 ரூபாய் எதற்கு, நானே கூகுள் மேப் பார்த்து நடந்துவிடுவேனே.

இதைவிடப் பெரிய விஷயம் அடுத்த நிறுத்தத்தில் இருந்தது. மொழிப்போர்த் தியாகிகள் மணிமண்டபமும் அதே வளாகத்தில்தான். அங்கே தம்பி உருக்கமாகப் பேசினார். 1938இல் ராஜாஜி பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியது, சிறையில் இறந்த தாளமுத்துவும் நடராசனும், தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னச்சாமி, 1965 ஜனவரி மாணவர் போராட்டம், எல்லாம் வந்தது. 1965இல் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் யார் என்பது மட்டும் வரவில்லை. 1965 துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களையும் சேர்த்து மொழிக்காக உயிர்விட்டவர்களுக்கு ஒரு மண்டபம், அப்போது ஆட்சியில் இருந்தவருக்கு ஒரு நினைவிடம், நடந்தே போய்விடக்கூடிய தூரம். அந்த வளாகத்தில் கதை என்று ஒன்று இருந்தால் அதுதான்.

வக்கீல் என்பதும் இங்கேதான் உதைக்கிறது. மத்திய அரசின் ஆட்சிமொழியாக இந்தியோடு நீடிக்க அரசியல் சாசனம் ஆங்கிலத்துக்குப் பதினைந்து வருடம் கொடுத்திருந்தது, 1965 ஜனவரி 26 கெடு. அதற்கு முன்பே 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து, ஆங்கிலமும் தொடரலாம் என்றது. தொடர“லாம்”. இந்தி பேசாதவர்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு கொடுத்த வாக்குறுதி சட்டத்தில் “தொடர வேண்டும்” என்று உறுதியாக எழுதப்படவில்லையே என்பதுதான் நாடாளுமன்றத்தில் அண்ணா எழுப்பிய பிரச்சினை. ஒரு வார்த்தைக்காக நாள்கணக்கில் வாதாடும் தொழிலில் இருந்து வந்தவர் இங்கே முதலமைச்சர், அந்த ஒரு வார்த்தைக்காகத் தெருவுக்கு வந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். அவர் அதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகத்தான் பார்த்தார். டெல்லியில் இருந்த சி. சுப்பிரமணியமும் (அவரும் வக்கீல்தான், அந்தக் காலத்துக் காங்கிரசைத் தட்டினால் வக்கீலாக உதிரும்) ஓ.வி. அளகேசனும் பிப்ரவரியில் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். இவர் பிடித்த பிடியில் நின்றார்.

வக்கீல் பாஷையில் கட்சிக்காரர் என்றால் வழக்கு கொடுத்தவர். இவருக்குக் கட்சிக்காரர் டெல்லியா, நாமா? நான் அவரை வில்லன் என்று சொல்லவில்லை. நிர்வாகம் தெரிந்தவர், சுதந்திரத்துக்கு முன்பே மந்திரியாகி, காமராஜர் ஆட்சியில் உள்துறை வரை பார்த்தவர். முடியாது என்றால் முடியாது என்கிற ஆள். கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தருக்கு நினைவுச்சின்னம் கேட்டு வந்தபோதும் முதலில் மறுத்தார், அந்த நினைவுச்சின்ன வேலையை முன்னின்று நடத்திய ஏக்நாத் ரானடே டெல்லியில் 323 எம்.பி.க்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் இறங்கிவந்தார். எம்.பி. கையெழுத்துக்கு இறங்கிய மனது மாணவர்களுக்கு ஏன் இறங்கவில்லை என்பதுதான் எனக்குக் கேள்வி. அந்த நேரத்தில் அரிசித் தட்டுப்பாடு வேறு. “பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு” என்று ஊர் ஊராகக் கோஷம். தாத்தா சொன்ன ஒற்றை வார்த்தை பொய்யில்லை.

டீ குடிக்கும்போது தம்பியிடம் கேட்டேன். கோபப்படவில்லை. “எல்லாம் தெரியும் சார். போன மாசம் அந்த இடத்துல ரெண்டு பெரியவங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுலேர்ந்து மூணே வரியில முடிச்சுடறேன்” என்றார். சரி, பாவம்தான். ஆனால் நடை முடிந்ததும் எங்களுக்குக் கொடுத்த அச்சடித்த தாளிலாவது ஒரு பத்தி எழுதியிருக்கலாம், தாள் யார் சட்டையையும் பிடிக்காது. அந்தத் தாளில் அவர் பெயரையே “பக்தவச்சலு” என்று அடித்திருக்கிறார்கள், திருத்தவும்.

காசுக்குத் தகுந்ததா என்றால், பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தாராளமாக. அரசியல் ஆர்வத்தில் போகிறவர்கள் 1965ஐக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், இரண்டு பெரியவர்கள் கூட இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் பாட்டில் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் தருவதில்லை. அடுத்து அக்டோபர் 2 அன்று ஒரு நடை வைக்கப் போகிறார்களாம். காந்தி பிறந்த நாள், காமராஜர் இறந்த நாள், பக்தவத்சலம் 1963இல் முதலமைச்சரான நாள், மூன்றும் அதுவேதான் என்று தம்பியிடம் சொன்னேன். டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு நானும் போகிறேன், எத்தனை நிமிடம் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.