ஐசோலேட்டட் ஆர்எஸ்-485 மாட்யூல் வாங்குகிறீர்களா? முதலில் இரண்டு கிரவுண்டையும் மீட்டரில் பாருங்கள்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் எனர்ஜி மீட்டர்களையும் டிரைவ்களையும் மாட்பஸ்ஸில், அதாவது ஆர்எஸ்-485 என்ற இரண்டு வயர் டேட்டா லைனில் கருவிகள் பேசிக்கொள்ளும் முறையில், இணைக்கும் வேலை. இந்த மாதிரி இடங்களில் பேனலுக்குப் பேனல் எர்த் ஒரே மட்டத்தில் இருக்காது, பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அந்த வித்தியாசம் இன்னும் எகிறும். ஆர்எஸ்-485 தரம் கேட்பது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரை இரண்டு வயரிலும் ஒன்றாக ஏறும் பொது மின்னழுத்தத்தைத் தாங்கும் ரிசீவரைத்தான். அதற்கு மேல் போனால் முதலில் டேட்டா குழம்பும், அப்புறம் சிப்பே போகும். அதனால்தான் ஐசோலேஷன் இல்லாத சாதாரண மேக்ஸ்485 சிப் வேண்டாம் என்று, கூடுதல் காசு கொடுத்து ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் ஐசோலேட்டட் மாட்யூல்கள், அதாவது கன்ட்ரோலர் பக்கத்தையும் லைன் பக்கத்தையும் நேரடி மின் இணைப்பு இல்லாமல் பிரித்து வைப்பவை, வாங்கினோம். "2500 வோல்ட் ஐசோலேஷன், இண்டஸ்ட்ரியல் கிரேடு, உள்ளே ஏடிஎம்2483" என்று ஐசோலேஷன் சிப்பின் பேரோடு கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

வந்தது டின் ரெயில் பெட்டி, மூடி மேல் "பிரித்தால் வாரண்டி கிடையாது" ஸ்டிக்கர். மேஜையில் வைத்துப் பார்த்தபோது டேட்டா ஜம்மென்று போனது. மில்லில் மாட்டிய கொஞ்ச நாளிலேயே ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன, அதில் ஒன்று போகும்போது கன்ட்ரோலரின் சீரியல் போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ஐசோலேஷன் இருந்திருந்தால் அது நடந்திருக்கவே கூடாது.

ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தோம். ஏடிஎம்2483 என்று அச்சிட்ட 16 கால் சிப் இருந்தது, அசலா என்பது வேறு கேள்வி. ஆனால் அதற்குப் பக்கத்தில், லைன் பக்கத்துக்குப் பிரிக்கப்பட்ட சப்ளை தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் உட்கார வேண்டிய நாலு துளையும் காலி. அதற்குப் பதிலாக இரண்டு ஜீரோ ஓம் ரெசிஸ்டர், வெறும் கம்பி மாதிரிதான்! உள்ளே வரும் 5 வோல்ட்டும் கிரவுண்டும் அப்படியே பஸ் பக்கத்துக்கு, அதாவது வெளியே போகும் லைன் பக்கத்துக்கு, போகின்றன. பூட்டைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதை.

விஷயம் இதுதான். ஏடிஎம்2483 சிக்னலை மட்டும்தான் பிரிக்கும். பஸ் பக்கத்துக்குத் தனியாக, பிரிக்கப்பட்ட சப்ளை நாம்தான் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சப்ளையாக இருந்தால் சிப் எத்தனை ஆயிரம் வோல்ட் தாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. சப்ளையும் உள்ளேயே வேண்டுமென்றால் ஏடிஎம்2587இ மாதிரி சிப் பார்க்க வேண்டும், வேகம் 500 கிலோபிட், மாட்பஸ்ஸுக்குத் தாராளம். விலை கடிக்கும், அது உண்மை. தனி கன்வெர்ட்டர் போட்ட மாட்யூல் என்றால் அந்தக் கன்வெர்ட்டரின் ரேட்டிங்கையும் கேளுங்கள், 2500 வோல்ட் சிப்புக்குப் பக்கத்தில் 1000 வோல்ட் கன்வெர்ட்டர் இருந்தால் மொத்த மாட்யூலும் 1000 வோல்ட்தான். அந்த 2500 என்பதும் ஒரு நிமிடச் சோதனைக்கான எண், நாள் முழுக்கத் தாங்கும் அளவு அதைவிட ரொம்பக் குறைவு, டேட்டாஷீட்டில் தனியாக இருக்கும்.

பெட்டியைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். பவர் கொடுக்காமல், சப்ளை கிரவுண்டுக்கும் பஸ் பக்க கிரவுண்டுக்கும் நடுவில் மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் வையுங்கள். பீப் அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், வேறு பேச்சே வேண்டாம். ஓம்ஸில் ஒரு மெகா ஓம் போலக் காட்டினால் பயப்பட வேண்டாம், நல்ல போர்டுகளிலும் நிலை மின்சாரம் வடிய அப்படி ஒரு ரெசிஸ்டர் வைப்பதுண்டு. ஏ, பி என்று இரண்டே டெர்மினல் கொடுத்து, பஸ் கிரவுண்டை வெளியே கொண்டுவராத மாட்யூலைத் தொடவே வேண்டாம். சோதிக்கவும் முடியாது, மூன்றாவது வயரை இழுக்கவும் முடியாது. ஐசோலேஷன் இருந்தால் அந்த வயர் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள், தப்பு, பஸ்ஸில் உள்ள கருவிகளுக்குள் ஒரு பொது ஆதாரம் வேண்டும்.

விற்பனையாளரிடம் போட்டோவோடு அனுப்பினோம். முதல் பதில், "சார், டேட்டா போகுதுல்ல, அப்புறம் என்ன பிரச்சினை?" டிசி-டிசி எங்கே என்று கேட்டதற்கு "இது எகானமி வெர்ஷன்" என்றார்கள். லிஸ்டிங்கில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை. கடைசியில் ஸ்டிக்கரைக் கிழித்ததால் ரீஃபண்ட் கிடையாது என்று முடித்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அதற்குப் பிறகு போன் செய்து, ரிவ்யூவை எடுத்தால் பாதிப் பணம் தருகிறோம் என்கிறார்கள். எடுக்கப் போவதில்லை.