மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு: ஃபிட்னஸ் பேண்டும் அதன் 'ஸ்ட்ரெஸ்' எண்ணும்

மணிக்கட்டில் கட்டும் ஃபிட்னஸ் பேண்டுகளின் விலை நன்றாக இறங்கிவிட்டது. "ஆபீஸ் டென்ஷனுக்கு உதவுமா, வாங்கட்டுமா?" என்று ஒரு தோழி கேட்டார். அடி எண்ணிக்கை, திரை, தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் எரிச்சலை இறக்கி வைத்துவிடுகிறேன். மீட்டிங் நடந்துகொண்டிருக்கிறது, அடுத்துப் பேச வேண்டியது நீங்கள்தான். அந்த நேரத்தில் மணிக்கட்டு இரண்டு முறை அதிர்கிறது. திரையில், "மன அழுத்தம் அதிகமாக உள்ளது, ஒரு நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்யலாமா?" டென்ஷனில் இருப்பது அவரவருக்கே தெரியும். எழுந்து போகவும் முடியாத அந்த நிமிடத்தில் அதை எடுத்துச் சொன்னால் இதயம் இன்னும் வேகமாகத்தான் அடிக்கும். உதவி என்று கொடுக்கப்பட்ட வசதி நேரம் தெரியாமல் வந்து நிற்கிறது. மூன்று வருடமாக எனக்கு ஆறாத கோபம் இது ஒன்றுதான்.

பேண்ட் காட்டும் 'ஸ்ட்ரெஸ்' எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பேண்டின் அடியில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் திரும்பி வரும் ஒளியின் அளவு மாறுவதை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக ஒரு நொடிக்கு ஒன்று என்று இல்லை. ஒன்று 950 மில்லி நொடியில் வரும், அடுத்தது 1,040-இல் வரும். இந்த ஏற்ற இறக்கம் தாராளமாக இருந்தால் உடல் தளர்வாக இருக்கிறது என்றும், சுருங்கிவிட்டால் முறுக்கேறி இருக்கிறது என்றும் எடுத்துக்கொண்டு 1 முதல் 100 வரை ஓர் எண் போடுகிறது; முறுக்கு கூடினால் எண்ணும் கூடும். மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. மேனேஜரின் திட்டும், முழுச் சாப்பாடும், இரண்டு மாடி ஏறியதும், இனி வரப்போகும் காய்ச்சலும் அதற்கு ஒன்றுபோலவே தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் எண் உயர்ந்திருந்தால், அது செரிமானத்துக்காக இதயம் கூடுதலாக வேலை செய்வதாகவே இருக்கலாம்.

கட்டும் விதத்திலும் எண் கெடும். மணிக்கட்டின் எலும்பு முட்டிக்கு ஒரு விரல் அகலம் மேலே கட்ட வேண்டும். கையை உதறினால் நகரக் கூடாது, கழற்றினால் ஆழமான தடமும் இருக்கக் கூடாது. தொளதொளவென்று கட்டினால் வெளிச்சம் உள்ளே கசிந்து துடிப்பைத் தவறவிடும். தவறிய துடிப்பை ஏற்ற இறக்கம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஏசி குளிரில் கை சில்லிட்டிருந்தாலும் இதே சிக்கல்தான். கை அசைந்துகொண்டே இருந்தால் அளவே எடுக்காது, வரைபடத்தில் இடைவெளி விழும். நாள் முழுக்க நடமாடும் வேலையில் இருப்பவருக்கு இந்த வரைபடம் பாதி காலியாகத்தான் இருக்கும்.

மூச்சுப் பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன், பயிற்சி நல்லது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது நிதானமாகும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கதியில் போனால் இந்த வித்தியாசம் பெரிதாகி, மூன்று நிமிடத்துக்குள் எண் சரசரவென்று இறங்கும். தோள் இறுக்கமும் தளரும். ஆனால் முடிக்காத வேலை அப்படியே மேசை மேல் இருக்கும். எண் இறங்கியதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. செய்யும் முறை: நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள், வயிறு மட்டும் அசையட்டும். பலர் நெஞ்சு நிறைய முட்ட இழுக்கிறார்கள். உடலிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, தலை கிறுகிறுத்து விரல் நுனி மரத்துப்போகும். அப்படி ஆனால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் போதும்.

இனி, எதிர்பார்க்காமல் கிடைத்த நல்லது. விளம்பரத்தில் எங்கும் சொல்லாத ஒன்று: சத்தமில்லாத அலாரம். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் மணிக்கட்டில் மட்டும் ஓர் அதிர்வு. மன அழுத்தம் குறைவதற்கு இந்த பேண்ட் ஏதாவது செய்திருக்கிறது என்றால் அது இதனால்தான். நேரத்தை நாமே வைக்கிறோம், அதனால் அதிர்வு நமக்குத் தோதான நேரத்தில் வருகிறது.

எனக்கு நிலைத்த அலாரங்கள் ஐந்து. காலை 10:50-க்கு எழுந்து தண்ணீர் நிரப்பிக்கொள்வது. பாட்டிலை மேசையிலேயே பெரிதாக வைத்தால் எழவே மாட்டோம், அதனால் 300 மில்லி பாட்டில். 1:40-க்குச் சாப்பிட்ட கையோடு பத்து நிமிட நடை, போனை மேசையிலேயே விட்டுவிட்டு. 2:30-க்குக் கடைசி டீ. டீ, காபியில் உள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறைய பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். படுத்தும் தூக்கம் வராமல் அலுவலகக் கவலை சுற்றிச் சுற்றி வருவதற்குப் பல நேரம் இதுவே காரணம். 5:45-க்கு ஒரு துண்டுக் காகிதம்: முடியாத வேலைகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் நாளை செய்ய வேண்டிய முதல் அடி. "ரிப்போர்ட்" என்று எழுதினால் பயனில்லை. "ரிப்போர்ட்டில் நான்காவது அட்டவணையின் கூட்டுத்தொகையைச் சரிபார்" என்று எழுதினால்தான் மனசு அதை இரவில் தூக்கிச் சுமக்காது. கடைசியாக இரவு 10:15, போனை வேறு அறையில் சார்ஜ் போடுவது.

பேண்டிலேயே வரும் "எழுந்து நில்லுங்கள்" நினைவூட்டல் இதற்கு ஈடாகாது. உட்கார்ந்தபடியே கையை வீசிப் பேசினால் நடந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். நின்றே வேலை செய்பவருக்கு அது எந்த விதத்திலும் பொருந்தாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. நாள் முழுக்க நிற்கும் ஜவுளிக்கடைப் பெண்ணுக்குத் தேவையான அதிர்வு "உட்காருங்கள்" என்பது.

நம்பக்கூடிய எண் ஒன்று உண்டு: தூக்கத்தில் எடுக்கும் ஓய்வு நிலைத் துடிப்பு. கை அசையாது, டீ கிடையாது, படியேற்றம் கிடையாது. ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். வழக்கத்தைவிட ஐந்து ஆறு துடிப்பு கூடி நான்கைந்து நாள் இறங்காமல் நின்றால் தூக்கக் குறைவு, மது, காய்ச்சல், வேலைப் பளு இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். ஆழ்ந்த தூக்கம் எத்தனை நிமிடம் என்ற கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மூளை அலையைப் பார்த்துச் சொல்வது கிடையாது, துடிப்பையும் அசைவையும் வைத்துப் போடும் ஊகம்.

பொருளாக உழைத்திருக்கிறது. ஸ்ட்ராப் இரண்டு முறை அறுந்தது, இரண்டு முறையும் வழக்கமாக மாட்டும் துளைக்குப் பக்கத்தில். குளித்துவிட்டு ஈரத்தோடு விட்டால் சோப்பு தங்கி அரிப்பு வரும். கழற்றித் துடைத்துக் கட்ட வேண்டும். சார்ஜ் ஏறாவிட்டால் உடனே பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள். பின்பக்கப் புள்ளிகளில் வியர்வை உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

போன மாத அப்டேட்டில், அணைத்து வைத்திருந்த ஸ்ட்ரெஸ் எச்சரிக்கை தானாக உயிர் பெற்றது. செயலியில் பழைய இடத்தில் அந்த ஸ்விட்சே இல்லை. எல்லா நோட்டிஃபிகேஷனையும் நிறுத்தினால்தான் இதுவும் நிற்கிறது. கட்டியிருப்பவரைக் கேட்காமல் இதைச் செய்தது தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக் களைப்பால் வரும் 'பர்ன் அவுட்' பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கம் தந்தபோது, சரிவரக் கையாளப்படாத, நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. பணியிடம் என்ற சொல் அதில் இருக்கிறது. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்த்தால், இரவு 11 மணிக்கும் குரூப்பில் பதில் எதிர்பார்த்தால், அதற்கு மணிக்கட்டில் மருந்து கிடையாது. மேலாளரிடம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இலவசம், இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

ஆகவே தோழிக்குச் சொன்னது: டென்ஷனுக்காக என்றால் வாங்காதே. பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். அந்த ஐந்து அலாரத்தையும் இன்றைக்கே போனில் வைத்து, வைப்ரேட்டில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள். என் பேண்டுக்கு மூன்றாவது ஸ்ட்ராப் ஆர்டர் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது.